எடைக் குறைப்பு ஊசி தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளைத் தொடங்கவிருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஊசி வலிக்குமா என்பதைத்தான். மருந்து நிரப்பிய பேனா வடிவக் கருவியின் ஊசி மிக மெல்லியது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புப் படலத்தில் மட்டுமே இறங்குவது. பலருக்கு அது ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போலச் செயல்படும் இம்மருந்துகள், மூளையில் பசியுணர்வைத் தணிப்பதோடு இரைப்பையிலிருந்து உணவு நகர்வதையும் தாமதப்படுத்துகின்றன. வேளைக்குச் சாப்பிடு என்று இதுவரை பசி நினைவூட்டி வந்தது. அது அடங்கிய பிறகு அந்த வேலையை ஒரு திட்டம்தான் செய்தாக வேண்டும். அத்திட்டம் இல்லாமல் தொடங்குவதிலிருந்தே மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

மருத்துவரிடம் எடையை மட்டும் சொல்லி மருந்துச் சீட்டு வாங்கிவிடுவது அவற்றுள் முதலாவது. தமக்கோ குடும்பத்தில் எவருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இம்மருந்துகள் பொருந்தா. கணைய அழற்சி, பித்தப்பைக் கல், நீரிழிவால் ஏற்பட்ட விழித்திரைப் பாதிப்பு ஆகியவற்றின் வரலாறும் முன்கூட்டியே தெரிய வேண்டியவை. ஏற்கெனவே இன்சுலினோ, சல்ஃபோனிலூரியா வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, உணவு குறையும்போது சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கக்கூடும் என்பதால், அம்மருந்துகளின் அளவை மருத்துவர் முதல் ஊசிக்கு முன்பே பரிசீலிக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவும் எடை குறையக் குறைய மாற வேண்டியிருக்கலாம். கருத்தரிக்கத் திட்டமிடுவோர் செமாகுளுடைடைக் குறைந்தது 2 மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கக்கூடியது. ஆகவே தொடங்கிய பின் 4 வாரங்களும், ஒவ்வொரு முறை அளவை உயர்த்திய பின் 4 வாரங்களும் வேறொரு முறையையும் சேர்த்துக் கையாள வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படாமலே போகிறது.

அதிகம் பேர் தடுமாறுவது அளவு விஷயத்தில்தான். எடைக் குறைப்புக்கான செமாகுளுடைட் வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு படி வீதம் 0.5, 1, 1.7 என ஏறி, 16 வாரங்கள் கழித்தே 2.4 மில்லிகிராமை அடைகிறது. டிர்செபடைட் 2.5 மில்லிகிராமில் தொடங்கி 5-க்கு ஏறுகிறது. பிறகு தேவைக்கேற்ப 15 வரை செல்லலாம். தொடக்க அளவின் நோக்கம் எடையைக் குறைப்பதன்று. குடலை மருந்துக்குப் பழக்குவதே. இதை அறியாதவர்கள் முதல் மாதத்தில் தராசு அசையவில்லை என்று சோர்ந்து, தாமாகவே அடுத்த படிக்குத் தாவிவிடுகிறார்கள். செமாகுளுடைடில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், ஒரு புதிய அளவு இரத்தத்தில் நிலைபெற நான்கைந்து வாரங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு ஏற்றியவருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்தால் அவையும் ஒரே நாளில் அடங்கிவிடுவதில்லை. ஒரு மருந்தின் மில்லிகிராமை இன்னொன்றோடு ஒப்பிடுவதும் பொருளற்றது. பேனாவாக அல்லாமல் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுக்கும் வடிவம் கொடுக்கப்பட்டால், மில்லிகிராமையும் சிரிஞ்சில் குறித்திருக்கும் யூனிட்டையும் குழப்பிப் பன்மடங்கு மருந்தைச் செலுத்திக்கொண்டவர்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்திருக்கிறது. சிரிஞ்சில் எந்தக் கோடு வரை எடுப்பது என்பதை மருந்தாளுநர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டிய பிறகே வீட்டுக்குக் கொண்டுசெல்வது நல்லது.

உணவைப் பற்றிய தவறு முதல் ஊசிக்கு முந்தைய இரவிலேயே தொடங்கிவிடுவதுண்டு. இனிமேல் முடியாதே என்று வயிறு நிறைய எண்ணெய்ப் பண்டங்களை உண்டுவிட்டு ஊசி போட்டுக்கொள்பவர், மறுநாள் குமட்டலுக்கு மருந்தைக் குறை சொல்வார். சிறு அளவில் மெதுவாக உண்பதையும், நிறைவு தோன்றியதும் நிறுத்துவதையும், கொழுப்பு மிகுந்த உணவைக் குறைப்பதையும் ஓரிரு வாரங்கள் முன்னரே பழகிக்கொள்வது பயன் தரும். மறுபக்கத் தவறு இதைவிடக் கெட்டது: பசிக்கவில்லை என்பதற்காக நாள் முழுவதும் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் இருந்து, அதை வெற்றியாகக் கொண்டாடுவது. குறையும் எடை முழுவதும் கொழுப்பாக இருப்பதில்லை. கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு என்று ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது, அதில் தசையும் அடங்கும். வயதானவர்களுக்கு இந்த இழப்பு நடையையும் சமநிலையையும் பாதிக்கும் அளவுக்குப் பெரிதாகலாம். ஆகவே ஒவ்வொரு வேளையிலும் புரதத்தை முதலில் உண்பது, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்வது ஆகிய இரண்டையும் ஊசிக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். உடல் சோர்ந்திருக்கும் முதல் வாரங்களில் புதிதாக ஒரு பழக்கத்தை நடுவது கடினம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தாகமும் குறைந்துவிடக்கூடும் என்பதால் தண்ணீருக்கும் நேரம் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாந்தியோடு நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மலச்சிக்கல் வந்தபின் கடைக்கு ஓடாமல், எதை எடுக்கலாம் என்று முன்பே கேட்டு வாங்கி வைக்கலாம்.

பேனாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைத்து உறைந்துபோனதைக் கரைத்துப் பயன்படுத்தக் கூடாது. வயிறு, தொடை, மேற்கை ஆகியவற்றில் ஊசி இடத்தை வாரந்தோறும் மாற்ற வேண்டும். ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தலாகாது. ஒரு வாரம் தவறவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடுவதும் தவறு. பல வாரங்கள் விட்டுப்போயிருந்தால் பழைய உயர்ந்த அளவிலேயே மீண்டும் தொடங்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவது, பணத்தோடு தொடர்புள்ளது என்பதால் பலரும் விரும்பிச் செய்யும் தவறு. ஸ்டெப் 1 என்ற ஆய்வில் செமாகுளுடைட் எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தார்கள். மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு மட்டும் கையில் பணம் வைத்துக்கொண்டு தொடங்குபவர், இலக்கு அளவை எட்டும் முன்பே நிறுத்த நேரிடும். அந்த நெருக்கடிதான் மலிவான, மூலம் தெரியாத இணைய விற்பனையாளர்களிடம் கொண்டுபோய் விடுகிறது. போலிச் செமாகுளுடைட் பல நாடுகளில் புழங்குவதைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனமே 2024-இல் எச்சரித்தது.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ முன்பே நாள் குறிக்கப்பட்டிருந்தால், ஊசி எடுப்பதை மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வழக்கமான பட்டினிக்குப் பிறகும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும். விடாமல் நீடித்து முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மஞ்சள் காமாலை ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவில் எங்கே செல்வது, யாரை அழைப்பது என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும்.