சாகச நாவலைக் கூட்டாக ஒலிநூலாக்குவது எப்படி?

தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு பழைய சாகச நாவலை ஒலிநூலாக்க முனைந்தால், முதலில் அதன் பதிப்புரிமை முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் மறைவுக்குப் பின் இந்தியாவில் 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள் என இது நாட்டுக்கு நாடு மாறும். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அத்தியாயங்களைப் பகிர்ந்தளிக்கும் ஒருங்கிணைப்பாளர், அனைவரும் ஒரே பதிப்பைப் பார்த்து வாசிப்பதை உறுதி செய்ய வேண்டும். இவ்வகை நாவலில் சிக்கல் பெயர்களில்தான் வரும்: ஒரே மாலுமியின் பெயரை ஆளுக்கொரு விதமாக உச்சரித்தால், கேட்பவர் அவரை இரண்டு பேர் என்று எண்ணிவிடுவார். ஆகவே பெயர்களையும் கப்பல் தொடர்பான சொற்களையும் ஒருவரே உச்சரித்துப் பதிந்து எல்லோருக்கும் அனுப்புவது, எழுத்துப் பட்டியலைவிடப் பயன்தரும்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' என்னும் ஒலியின் காற்றடி குறையும். வாசிப்பு தடுமாறினால், பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கைதட்டல் ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் உயர்ந்த கோடாகத் தெரிவதால் வெட்டுவது எளிது. சண்டைக் காட்சியில் கத்தத்தான் வேண்டுமென்றால் மைக்கிலிருந்து விலகிக் கத்தலாம்.

கோப்பு வடிவத்துக்கு, 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்னும் தன்னார்வ ஒலிநூல் தளம் கேட்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை அளக்கும் வேகம்), 128 கேபிபிஎஸ் (நொடிக்கான தரவு அளவு) எம்பி3 நல்ல அளவுகோல்.

பிறகு, வாசிக்காத ஒருவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டு, விடுபட்ட வரிகளை நிமிடம், நொடியுடன் குறித்துத் தர வேண்டும். நடிப்பை விமர்சிப்பது அவர் வேலையல்ல. திருத்தத்துக்கு அந்த வாக்கியத்தை மட்டும் அதே மைக்கில், அதே தூரத்திலிருந்து வாசித்துச் சேர்த்தால் போதும்.