கயாக் துடுப்புப் படகின் அடித்தளத்தோடு பொருந்தும் ஃபோம் இருக்கை: வீட்டிலேயே செதுக்குவது எப்படி?

ஃபோம் கட்டை கையில் கிடைத்ததும் பலரும் உட்காரும் பக்கத்தைத்தான் முதலில் குடைவார்கள். அடிப்பக்கத்தில் தொடங்குங்கள். அது படகோடு படியாவிட்டால், மேலே எவ்வளவு செதுக்கினாலும் துடுப்பு போடும்போதெல்லாம் இருக்கை ஆடும்.

மெத்தை ஸ்பாஞ்ச் வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிடும். நீர் உறிஞ்சாத பாலிஎத்திலின் அல்லது ஈ.வி.ஏ. ஃபோம், 75 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். மெல்லிய ஷீட்தான் கிடைத்தால் அடுக்கி ஒட்டலாம். பிரட் கத்தி, முரட்டு அரம், 40 நம்பர் உப்புத்தாள், சாக்பீஸ் இருந்தால் போதும். தூள் பறக்கும், மாஸ்க் போடுங்கள்.

இருக்கையின் முன்விளிம்பு, பின்விளிம்பு வரும் இரண்டு இடங்களிலும் படகின் உள்வளைவை அட்டையில் வெட்டி எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. அதை ஃபோமில் வரைந்து, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டுங்கள்.

இனி உப்புத்தாளை, சொரசொரப்பு மேலே இருக்கும்படி, படகின் அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபோமை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் சிறிது தூரம் மட்டும் தேயுங்கள். படகின் வளைவு தானாக ஃபோமில் இறங்கும். பிறகு தாளை எடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்க சாக்பீஸைத் தேய்த்து, ஃபோமை அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் அரத்தால் சீவுங்கள். வெள்ளை பரவலாகப் படியும்வரை இதுதான் வேலை, பொறுமை வேண்டும். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டால் உள்ளே வரும் தண்ணீர் தேங்காது.

சரி, இப்போது மேல்பக்கம். உட்காரும் எலும்புகளுக்கு இரண்டு ஆழமில்லாத குழிகள். தொடைப் பக்கம் கொஞ்சம் உயரமாக, முன்விளிம்பு உருண்டையாக இருக்கட்டும். கூர்மையாக விட்டால் கால் மரத்துப்போகும். உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள், தாழ உட்கார்ந்தால்தான் படகு கவிழாமல் நிற்கும்.

ஒட்டும் முன் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து பாருங்கள். படகின் முன்பக்கம் தாழ்ந்தால் இருக்கையைப் பின்னே தள்ளி, சரியான இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு நன்றாகக் காய்ந்ததும், காற்றோட்டமான இடத்தில், கான்டாக்ட் பசையை ஃபோமின் அடியிலும் படகிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே பொருத்துங்கள். பட்டுவிட்டால் நகர்த்த முடியாது. இது ஃபைபர் படகுக்கு. பாலிஎத்திலின் படகில் பசை சரியாகப் பிடிக்காது. பக்கச் சுவர்களுக்கிடையே இறுக்கமாக நிற்கும்படி ஃபோமை அகலமாக விட்டு, பட்டை போட்டுக் கட்டுவதே நல்லது.