பதினொரு கடிதமும் 22 பில்லும்: மின்சார வழக்குக்கு வரும் ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் தடித்த ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கட்சிக்காரர் காற்றாலை வைத்திருப்பவர். விற்ற மின்சாரத்துக்கு விநியோக நிறுவனத்திடமிருந்து பணம் வரவில்லை. "எல்லா லெட்டரும் இருக்கு சார், ஒண்ணுகூட விடல" என்றார் பெருமையாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரி ஒரு ஃபைலைப் பத்து வருடத்துக்கு முன் நானே தைத்து வைத்திருந்தேன்.

வாய்தாவை மறப்பது, வக்காலத்தில் கையெழுத்து வாங்காமல் போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு தடவை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

கடிதம் போட்டுக்கொண்டே இருப்பது

அந்தப் பழைய ஃபைலின் கட்சிக்காரர் ஒரு மில் முதலாளி. 2011 ஆகஸ்டிலிருந்து அவர் விற்ற மின்சாரத்துக்குப் பணம் நின்றுபோயிருந்தது. "கேஸுன்னு போனா உறவு கெட்டுடும் சார், லெட்டர் போடுங்க" என்றார். போட்டேன். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். நான் நினைவூட்டல் அனுப்புவேன். அதற்கும் அதே பதில்தான்.

2014-ல் பிபிஎன் பவர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வரும் வழக்குக்கு, வழக்குப் போடும் காலக்கெடுவைச் சொல்லும் லிமிடேஷன் சட்டம் பொருந்தாது என்று அதில் இருந்ததை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறு வருடமே லாங்கோ கொண்டபல்லி தீர்ப்பு. மின்சாரச் சட்டம் 2003-ன் பிரிவு 86(1)(எஃப்)-ன் கீழ் ஆணையம் தீர்ப்புச் சொல்வது சிவில் நீதிமன்றம் செய்திருக்க வேண்டிய வேலை. அங்கே காலாவதியாகியிருக்கும் கோரிக்கைக்கு ஆணையத்தில் உயிர் வராது என்றது அது.

அப்புறம்தான் ஓடினேன். அந்த ஓட்டத்திலும் பெட்டிஷன் தாக்கலாக 2016 ஜூன் ஆகிவிட்டது. விசாரணைக்கு முந்தைய நாள் சீனியரிடம் ஃபைலைக் காட்டினேன். பதினொரு கடிதங்களையும் புரட்டிவிட்டு, "எத்தனை லெட்டர் போட்டேன்னு கேக்கல தம்பி, பெட்டிஷன் எப்ப போட்ட?" என்றார்.

ஒவ்வொரு மாத பில்லுக்கும் தனிக் கெடு. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதே மாதத்துக்கு ஒரு பில் செத்துக்கொண்டிருந்தது. கடைசியில் 22 மாதப் பணம் போனது. இன்றைக்கும் எரிச்சல் தருவது எது தெரியுமா? 2014-ல் அந்தத் தீர்ப்பைப் படித்து நிம்மதியானேனே, அன்றைக்கே தாக்கல் செய்திருந்தால் ஒரு பில்கூடப் போயிருக்காது. 'காலக்கெடு இல்லை' என்று படித்த தைரியத்தில்தான் அத்தனையும் போயிற்று.

'பரிசீலனையில் உள்ளது' என்பது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. லிமிடேஷன் சட்டத்தின் பிரிவு 18-க்கு, கெடு முடிவதற்குள், பொறுப்பை ஏற்கும் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆகவே நினைவூட்டல் எழுதும் நேரத்தில் கணக்குப் பிரிவுக்கு நேரில் போய், பாக்கி இவ்வளவு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கப் பாருங்கள். ஒரு டீ செலவில் வரும் அந்தத் தாள் பத்து லாயர் நோட்டீஸுக்குச் சமம். நடுவில் கொஞ்சம் பணம் வந்தால் அதை எந்த பில்லில் வரவு வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கடன்பட்டவர் எதையும் குறிப்பிடாமல் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 60-ன்படி அதைப் பழைய பில்லில் கழித்துக்கொள்ளலாம். காலாவதியான கடனுக்குக்கூட எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மில் கணக்கர் வந்ததையெல்லாம் புது பில்லிலேயே கழித்து வைத்திருந்தார். நானும் கேட்கவில்லை.

கோவிட் காலத்துக்கு உச்ச நீதிமன்றம் விலக்கிய நாட்கள் (2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை) கைகொடுக்கும் என்று ஜூனியர் சொன்னார். கொடுக்கும், ஆனால் எந்தெந்த பில்லுக்கு? தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போடச் சொன்னேன்.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) பிரிவு இருக்கிறதே என்று நோட்டீஸ் அனுப்புவது

உற்பத்தி நிறுவனத்துக்கும் விநியோக உரிமதாரருக்கும் தகராறு என்றால் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நடுவரிடம் அனுப்புவதா வேண்டாமா என்பதை ஆணையமே முடிவு செய்யும். எஸ்ஸார் பவர் வழக்கில் 2008-லேயே சொல்லியாகிவிட்டது. சாலை, துறைமுக ஒப்பந்தங்களில் பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள்.

சட்ட மாற்றம் வந்தபின் சாவகாசமாக நோட்டீஸ் கொடுப்பது

இறக்குமதி சோலார் பேனல் மீது 2018-ல் உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் சேஃப்கார்டு வரி, 2022 ஏப்ரலில் 40 சதவீத சுங்க வரி. இப்படி வரி மாறும்போது கூடுதல் செலவை வாங்குபவரிடம் கேட்க ஒப்பந்தம் இடம் தரலாம். ஆனால் எப்போது, யாருக்கு, எந்த முகவரிக்கு நோட்டீஸ் என்பதையும் அதே ஒப்பந்தம் சொல்லியிருக்கும். வாதத்துக்குத் தீர்ப்புகளைத் தேடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். 2021-ல் வந்த மத்திய விதிகள் மூன்று வாரம் முன்கூட்டியே நோட்டீஸ் கேட்கின்றன.

கேப்டிவ் கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

சொந்த உபயோகத்துக்கான மின் நிலையம், அதாவது கேப்டிவ், என்று ஏற்க உபயோகிப்பவர்களிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கும் 51 சதவீத நுகர்வும் வேண்டும். பங்கு இருந்தும் ஒரு வருடம் நுகர்வு குறைந்தால், அந்த வருடத்து மின்சாரம் முழுவதுமே கேப்டிவ் அந்தஸ்தை இழக்கும். மற்ற நுகர்வோரின் மானியத்தை ஈடுகட்ட வாங்கும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் பில் வரும். மார்ச் 31-க்குப் பிறகு யாரைக் கூப்பிட்டும் பயனில்லை. ஜனவரியிலேயே யூனிட் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

மேல்முறையீட்டுக் கெடு

ஆப்டெலுக்கு, அதாவது மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, 45 நாள். உச்ச நீதிமன்றத்துக்கு 60. உச்ச நீதிமன்றத்தில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் அதிகபட்சம் இன்னும் 60, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது

வேண்டாம்.

சப்ஸ்டேஷனையே பார்க்காமல் வாதாடுவது

ஒரு தடவையாவது உள்ளே போய், மீட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஹெல்மெட் அவர்களே தருவார்கள்.