'பார்த்திருக்கேன்'னா உடனே ஹேவ் போடாதீங்க

கிருஷ்ணகிரியில சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குறேன். போன வாரம் இன்டர்வியூ பிராக்டீஸ்ல, பொங்கலோட வேலையை விட்டு நின்ன ஒரு பொண்ணு "ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்"னு சொல்லுச்சு, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, நான் பண்ணின அதே தப்பு. கோ-வென்ட்-கான் மாதிரி வினைச்சொல் வடிவமெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, அதை மனப்பாடம் பண்ணிக்கலாம்.

விட்ட வேலைக்கு ஹேவ்

ஓசூர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. பழைய வேலையை விட்டு அப்பவே ரெண்டு மாசம் ஆச்சு. மனசுக்குள்ள "ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன்"னு தமிழ்ல ஓடுது, அதுல 'இருக்கேன்' வருதேன்னு ஹேவ் போட்டு சொல்லிட்டேன். இன்டர்வியூ எடுத்தவரு, நான் இன்னும் அங்கதான் இருக்கேன்னு நினைச்சு, நோட்டீஸ் பீரியட் (வேலையை விட முன்கூட்டியே சொல்ல வேண்டிய நாள்) எத்தனை நாள்னு கேட்டாரு. விட்டுட்டேன் சார்னேன். பேனாவை கீழ வெச்சுட்டு ரெஸ்யூமை மறுபடி முதல்ல இருந்து பார்த்தாரு, எதையோ மறைக்கிறேன்னு நினைச்சுட்டாருன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. வேலை கிடைக்கல, இன்னைக்கு நினைச்சாலும் ஆத்திரமா வருது, ஒரு ஹேவ்தானே.

தமிழ்ல 'பார்த்திருக்கேன்'னா முடிஞ்சுபோன அனுபவத்தையும் சொல்லலாம். இங்கிலீஷ்ல ஹேவ் ஒர்க்ட்டோட ஃபார் டூ இயர்ஸ் சேர்ந்தா, கேக்குறவங்க நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்கன்னு எடுத்துப்பாங்க. விட்டாச்சுன்னா "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்", அவ்வளவுதான். இதே தலைகீழாவும் நடக்குது, வேலையில இருக்குற பையனே "ஐ ஒர்க்ட்"னு சொல்லி, ஏன் விட்டீங்கன்னு கேள்வி வாங்கிட்டு முழிக்கிறான்.

இன் 2004, சின்ஸ் 2004

எப்ப நடந்துச்சுன்னு வருஷம் சொல்லிட்டீங்கன்னா ஹேவ், ஹேஸ் வராது. நம்ம மாவட்டம் தர்மபுரியில இருந்து 2004ல பிரிஞ்சுது, அப்ப "கிருஷ்ணகிரி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2004". ஹேஸ் பிகம்னா தப்பு. ஆனா இன்னைக்கும் மாவட்டமாத்தானே இருக்கு, அதனால "இட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2004" சரி. வருஷம் அதேதான், முன்னாடி நிக்குறது 'இன்'னா இல்ல 'சின்ஸ்'ஸான்னு பாருங்க. டிகிரி முடிச்சதை சொல்றப்ப பாதிப் பேர் இங்கதான் விழுறாங்க, "ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021"னு சொல்லுங்க.

கான், பீன்

அப்பா ஒகேனக்கல் போயிட்டு வந்துட்டாருன்னா ஹேஸ் பீன் டு. இன்னும் திரும்பலன்னா ஹேஸ் கான் டு.

ஆல்ரெடி

அமெரிக்காக்காரங்க "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்"க்கு பதிலா ஹேவ் இல்லாம "ஐ ஆல்ரெடி ஏட்"னும் சொல்வாங்க. திருத்தப் போகாதீங்க.