பேஸ் கிட்டார்: அடுத்ததை வாங்கும் முன்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார், வாசிக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கச்சேரி இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பிகள் கேட்பார்கள்: “அண்ணே, இருக்கிற பேஸை வித்துட்டு வேற ஒன்னு வாங்கட்டுமா?” வெளியே மழை, கையில் போன், போன் நிறைய ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் படங்கள். ஆசை வரத்தான் செய்யும். வாங்காதே என்று நான் சொல்வதில்லை. கருவியைச் சரி செய், கையைச் சரி செய், அப்புறமும் குறை தெரிந்தால் வாங்கு என்பேன். அதை எப்படிச் செய்வது என்று இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கழுத்து. நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்து வயல் நிறைந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் ஏறிவிடும். மரம் அந்த ஈரத்தைக் குடிக்கும், சித்திரை வெயிலில் திரும்பக் காயும். அதனால் பேஸின் கழுத்து வருடத்தில் இரண்டு முறையாவது வளைவு மாறும். “ஸ்ட்ரிங் கரகரங்குது, அழுத்தவே முடியல, இந்த பேஸ் சரியில்ல” என்று விற்க நினைக்கும் பேஸ்களில் பாதிக்கு இதுதான் நோய்.

பார்ப்பது சுலபம். ஸ்ட்ரிங்குகளைச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) ஒரு கேப்போ, அதாவது ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை வலது கையால் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங் இரண்டு முனைக்கும் நடுவே ஸ்கேல் வைத்த மாதிரி நேராக நிற்கும். ஏழு, எட்டாவது ஃபிரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். உரசியும் உரசாமலும் நுழைந்தால், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், கழுத்து நன்றாக இருக்கிறது. இரண்டு கார்டு தாராளமாக நுழைந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை அதற்குரிய ஆலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று முறுக்குங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மரம் அடங்கட்டும், மறுநாள் சுருதி சேர்த்துத் திரும்பப் பாருங்கள். ராடு இறுகிக்கொண்டு திரும்பவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். அது உடைந்தால் கழுத்தே போச்சு. தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

கழுத்து சரியான பிறகுதான் ஸ்ட்ரிங்கின் உயரம். 12ஆவது ஃபிரெட்டின் மேல் ஈ ஸ்ட்ரிங்குக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஜி ஸ்ட்ரிங்குக்கு 2 மில்லிமீட்டர் என்று, உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகளால் வையுங்கள். பலமாக வாசிப்பவர் இன்னும் அரை மில்லிமீட்டர் ஏற்றிக்கொள்ளலாம். கடைசியாக, 12ஆவது ஃபிரெட்டை அழுத்தி டியூனரைப் பாருங்கள். சுருதி ஏறிக் காட்டினால் பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலைப் பின்னால் இழுக்க வேண்டும், இறங்கிக் காட்டினால் முன்னால் தள்ள வேண்டும். ஒரு மாலை நேர வேலைதான்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் வாசித்துவிட்டு வந்தால் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து ஸ்ட்ரிங்கை அரித்துவிடும். வாசித்து முடித்ததும் பையில் போடாதீர்கள். பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலும் கீழும் பிடித்துத் துடையுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் மந்தமாகிவிட்டால் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்றாக உலர்த்தி மாட்டினால் சில வாரம் தெளிவாகப் பேசும். ஃபிளாட்வவுண்டை (தட்டைக் கம்பி சுற்றியது) அப்படிச் செய்ய வேண்டாம்.

ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1960களில் அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவுகளில் பேஸ் வாசித்தவர். 1962ஆம் வருட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்று, அதில் ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், அதையும் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் வாசித்தார். இன்றுவரை உலகம் முழுக்க பேஸ் பழகுகிறவர்கள் அவர் வாசித்ததைத்தான் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். தம்பிகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

சரி, கைக்கு வருவோம். உங்கள் பேஸில் எத்தனை குரல் இருக்கிறது என்று தெரியுமா? எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்துவிட்டு, ஏ ஸ்ட்ரிங்கைத் திறந்தபடி, ஒரே பலத்தில் மூன்று இடத்தில் மீட்டிப் பாருங்கள். கழுத்து முடியும் இடத்தில் மீட்டினால் உருண்டையாக, அகலமாக வரும். மெதுவான காதல் பாட்டுக்கு அதுதான். ஸ்ட்ரிங்கின் அதிர்வை எடுக்கும் பிக்கப்புக்கு மேலே மீட்டினால் நடுத்தரம், பெரும்பாலான பாட்டுக்குப் போதும். பிரிட்ஜுக்கு நாலு விரற்கடை தள்ளி மீட்டினால் இறுக்கமாக, மூக்கால் பேசுவது போல வெட்டி வரும். வேகமான குத்துப் பாட்டில் தவில், டிரம்ஸ், பேட் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்பது இந்தக் குரல்தான். போனில் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பயனில்லை. ஈ ஸ்ட்ரிங்கின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ், அது அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது.

அப்புறம் விரல் மாறுவது. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தவில்காரர் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம், சொல்லுக்கட்டு காதிலேயே இருக்கிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். வாயால் தகதிமி சொல்லிக்கொண்டு, ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி ஒரே ஸ்ட்ரிங்கில் வாசியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ‘த’ ஆள்காட்டி விரலில் விழும், சுலபம். இப்போது தகிட சொல்லுங்கள். முதல் தட்டில் ‘த’ ஆள்காட்டியில், அடுத்த தட்டில் ‘த’ நடுவிரலில், மறுபடி ஆள்காட்டியில். நடுவிரல் பலவீனமாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு தட்டு நொண்டும். அது இரண்டும் ஒரே எடையில் விழும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். பிறகு தகதிமியில் ‘தி’ மட்டும் வாசியுங்கள், மற்றதை வாயால் மட்டும் சொல்லுங்கள். இந்த ஒரு பயிற்சி தருவதை ஓசையை மாற்றும் எந்தப் பெடலும் தராது.

ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். இடது கை விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஓசை சுத்தமாக நிற்கும். ஏ ஸ்ட்ரிங்குக்குப் போகும்போது வலது கைக் கட்டைவிரலை ஈ ஸ்ட்ரிங்கின் மேல் சாய்த்து வையுங்கள், அது வீணாக அதிராது. பிடிக்கும்போது ஃபிரெட்டை ஒட்டிப் பின்னால் பிடியுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் பிடித்தால் கூடுதல் பலம் வேண்டும். வழக்கமான பேஸின் ஸ்ட்ரிங் நீளம் 34 அங்குலம் என்பதால் கீழ் ஃபிரெட்டுகளில் நாலு விரலையும் விரிக்க வேண்டியதில்லை. ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் போதும், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கட்டும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் ஆசை அடங்கவில்லையா? ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பாட்டில், எந்த இடத்தில், இப்போது இருக்கிற பேஸால் என்ன முடியவில்லை. “டோன் நல்லா இருக்கும்” என்று மட்டும் எழுத வருகிறது என்றால் தை பிறக்கும்வரை தள்ளிப் போடுங்கள். “பாடகர் சுருதியை இறக்கும்போதெல்லாம் கீழ் டி வேண்டியிருக்கிறது, நாலு ஸ்ட்ரிங்கில் ஈக்குக் கீழே இல்லை” என்று எழுதினால் அது நிஜமான தேவை, ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் வாங்கலாம். முடிந்தால் நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கி ஒரு கச்சேரி வாசித்துப் பாருங்கள்.

பேஸுக்கு முன்னால் வாங்க வேண்டியவையும் உண்டு. நல்ல கேபிள் இரண்டு, அகலமான ஸ்ட்ராப், ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி). கோயில் திருவிழா மேடைக்குப் பெரிய ஆம்ப் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குக் கொடுத்தால் போதும். இரைச்சல் வந்தால் அதிலுள்ள, சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். ஜாஸ் பேஸ் என்றால் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தாலே பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். இரைச்சலுக்காக பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்யவே கூடாது. அறுவடை முடிந்த வயலில் மேடை, கீழே ஈரம், ஜெனரேட்டர் கரண்ட். பாட ஆரம்பிக்கும் முன் ஒரு கையால் ஸ்ட்ரிங்கைத் தொட்டபடி, டெஸ்டரின் முனையை மைக்கின் வலையில் வையுங்கள். டெஸ்டர் விளக்கு எரிந்தால் உதட்டை மைக் பக்கம் கொண்டு போகாதீர்கள், சவுண்ட்காரரைக் கூப்பிடுங்கள்.

பழைய பேஸ் வாங்கப் போகிறவர்கள் பகலில் போங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளவாக்கில் பாருங்கள், முறுக்கு இருந்தால் வேண்டாம். டிரஸ் ராடு திரும்புகிறதா என்று விற்பவர் எதிரிலேயே பாருங்கள். நாலு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசியுங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் சின்ன செலவுதான், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கடைசியாக ஸ்ட்ராப்பை மாட்டி நின்றுகொண்டு, இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். தலை கீழே சாய்கிற பேஸ் என்றால் கச்சேரி முழுக்க இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.