வாயைத் திறக்காதது பிடிவாதம் அல்ல: முற்றிய அல்சைமரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதி நோயான அல்சைமர் முற்றிப் படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில், பெரிய தவறுகள் சோறூட்டும்போதுதான் நடக்கின்றன. வாயைத் திறக்காவிட்டால் பிடிவாதம் என்று நினைத்து, கன்னத்தை அழுத்தி, படுத்தவாக்கிலேயே கஞ்சியை ஊற்றிவிடுகிறார்கள். பாவம், அவருக்கு மெல்லவும் விழுங்கவும் மறந்துகொண்டு வருகிறது. ஊற்றிய கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. இந்த நோயாளிகளில் பலருடைய உயிரைக் கடைசியில் எடுப்பது அதுதான்.

முதுகுக்குத் தலையணை கொடுத்து நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். தலை பின்னால் சாயக் கூடாது. சின்ன ஸ்பூனில் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு அடுத்த வாய். தண்ணீர்தானே, சுலபமாக இறங்கும் என்று நினைக்கிறோம். ஆனால் நீர்த்த பானம்தான் சீக்கிரம் புரையேறும். கூழ் போலக் கெட்டியாக இருந்தால் பலருக்கு எளிதாக இறங்கும். உங்கள் வீட்டவருக்கு எந்தப் பதம் சரி என்று மருத்துவரிடம் கேளுங்கள். கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்க வேண்டாம், அரை மணி நேரமாவது உட்காரட்டும். மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் முன்பும் மருத்துவரைக் கேளுங்கள், எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது.

சரி, உணவு செலுத்த டியூப் போட்டுவிட்டால்? இந்தக் கட்டத்தில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிவைக்கும் நிலையும் வருகிறது. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் சொல்கிறது. இரண்டு வாயோடு அவர் நிறுத்திக்கொண்டால், 'பட்டினி போட்டுவிட்டோமே' என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். நோய் முற்றும்போது உணவு குறையத்தான் செய்யும்.

அப்புறம் படுக்கைப் புண். இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோயாளியான அகஸ்டே டீட்டர், 1906-இல் 55 வயதில் பிராங்க்ஃபர்ட்டில் இறந்தார். படுக்கைப் புண்ணிலிருந்து ரத்தத்தில் தொற்று ஏறியதே காரணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அவ்வளவு முக்கியம். குதிகால், இடுப்பு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும்.

முனகினால் 'சும்மா கத்துகிறார்' என்று விட்டுவிடக் கூடாது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி என்று எதுவாகவும் இருக்கலாம். புரட்டும்போது முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள். அல்சைமர் மெதுவாக வளரும் நோய். ஒன்றிரண்டு நாளில் ஆள் திடீரென்று மாறிவிட்டால் வேறு ஏதோ நடக்கிறது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வலி தணிப்புச் சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தருகிறார்கள். பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள்.