போட்டித்திறனைக் கூலியில் தேடாதீர்கள்

திருப்பூருக்கு வர வேண்டிய பனியன் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போனால், "அங்கே கூலி கம்மி" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஒரு நாட்டின் போட்டித்திறனைக் கூலியை வைத்து அளப்பதுதான் முதல் தவறு. கூலி மட்டுமே தீர்மானிக்கும் என்றால், இந்த இரண்டு நாடுகளையும்விடக் கூலி அதிகமான சீனா ஆடை ஏற்றுமதியில் உலகின் முதலிடத்தில் இருக்க முடியாது. வங்கதேசச் சரக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லாமல் நுழைவதையும் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, அதிக நேரம் வேலை பார்ப்பதை உற்பத்தித்திறன் என்று நினைப்பது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் பீஸ் கூடும், சரி. ஆனால் ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை நல்ல பீஸ் தருகிறார் என்பதே கேள்வி. டி-ஷர்ட் லைனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கழுத்துப் பட்டி வைக்கும் டெய்லர் முன்னால் துணி குவிந்து கிடக்கும். அடுத்த மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓவர்டைம் கொடுத்தால் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம் போகும். அந்த ஒரு வேலைக்கு இன்னொரு மெஷின் போட்டாலே லைன் நகரும். அப்புறம், செக்கிங்கில் திரும்பி வரும் பீஸ். தையலைப் பிரித்து மறுபடி தைக்கும் நேரம் பெரும்பாலும் எந்த நோட்டிலும் ஏறாது.

விலை உயர்ந்த மெஷின் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் ஏமாற்றும். அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையை மூடியது. 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து அங்கேயே மறுபடி கார் தயாரிக்கத் தொடங்கியது. ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. ஆனால் கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தும் உரிமை இப்போது அவர்களிடம் இருந்தது. சீக்கிரமே ஜெனரல் மோட்டார்ஸின் தரமான ஆலைகளில் ஒன்றாக அது எழுந்தது. அதே பத்தாண்டில் மற்ற ஆலைகளின் ரோபோக்களுக்குக் கொட்டிய கோடிக்கணக்கான டாலர்கள் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

புதுமை ஆய்வகத்தில் மட்டுமே பிறக்கும் என்பது இன்னொரு தவறு. ஆராய்ச்சிக்கு இந்தியா ஜிடிபியில் சுமார் 0.64 சதவீதம் செலவிடுகிறது. தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டி. இது கூடியே ஆக வேண்டும். அதற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் நடந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா? சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றை நம்பியிருந்த விவசாயிகள் போராடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துப் பெரும்பகுதியை மறுபடி சாயத்துக்கே எடுக்கும் முறை அங்கே வேரூன்றியது. சாயமேற்றப் பயன்படும் உப்புக் கரைசலும் மறுபடி பயன்பாட்டுக்கு வருகிறது.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. டெய்லர் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்து வேகமாகத் தைத்தால், உடனே பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கான கூலியை, குறைப்பது. அடுத்த முறை அந்த வழியை அவர் பக்கத்து மெஷின்காரரிடம்கூடச் சொல்ல மாட்டார்.